புதிய பாடகியைச் சமூக ஊடகத்தில் அறிமுகம் செய்வது எப்படி?

சங்கரன்கோவிலைச் சேர்ந்த ஒருவர் தன் தங்கைக்காகக் கேட்டிருக்கிறார். தங்கைக்கு 22 வயது. சிறு வயதிலிருந்தே முறையாகப் பாட்டுக் கற்றவர். அவரே மெட்டமைத்த மூன்று பாடல்கள் ஒலிப்பதிவு முடிந்து தயாராக இருக்கின்றன. இன்ஸ்டாகிராமில் 180 பேர் பின்தொடர்கிறார்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. அதில் 12,000 கொடுத்தால் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேரைச் சேர்த்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. கொடுக்கலாமா, வேண்டாமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

கொடுக்காதீர்கள், ஒரு ரூபாய்கூட. அப்படி வந்து சேரும் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஆளே இருக்க மாட்டார்கள். இருந்தாலும் தமிழ்ப் பாட்டுக் கேட்பவர்களாக இருக்க மாட்டார்கள். ஒரு ரீலைப் போட்டதும் இன்ஸ்டாகிராம் அதை முதலில் ஒரு சிறிய கூட்டத்துக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் நின்று பார்த்தார்களா, முழுதாகக் கேட்டார்களா, யாருக்காவது அனுப்பினார்களா என்பதை வைத்தே அடுத்த வட்டத்துக்குக் கொண்டுபோகும். அந்த முதல் கூட்டத்தில் காசுக்கு வந்த கணக்குகள் கலந்திருந்தால், உங்கள் தங்கை எவ்வளவு நன்றாகப் பாடினாலும் ‘இதை யாரும் பார்க்கவில்லை’ என்ற கணக்குத்தான் பதிவாகும். ஸ்பாட்டிஃபையில் இது இன்னும் ஆபத்து. போலியாகக் கேட்க வைத்தது அப்பட்டமாகத் தெரிந்தால், கலைஞர் சார்பில் பாடலை அங்கே ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்துக்கு, பாடலுக்கு இவ்வளவு என்று 2024இலிருந்து அபராதம் விதிக்கிறார்கள். விநியோக நிறுவனம் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாடலையே இறக்கிவிடலாம். மூன்றே பாடல்கள் வைத்திருப்பவர் அதில் ஒன்றை இப்படி இழக்கக் கூடாது.

உங்கள் தங்கைக்கு இப்போது வேண்டியது பாட்டைக் கேட்டுவிட்டு அடுத்த பாட்டு எப்போது என்று கேட்கும் இருநூறு முன்னூறு பேர். சமூக ஊடகத்தில் செய்யும் ஒவ்வொரு வேலையையும் இந்த ஒரு கேள்வியால் அளந்து பாருங்கள்: ரீலில் இருபது நொடி கேட்டவர் முழுப் பாட்டுக்கு வந்து சேர்ந்தாரா? வராவிட்டால் அந்த ரீல் எத்தனை லட்சம் பேரைத் தொட்டிருந்தாலும் பாடகிக்கு எதுவும் சேரவில்லை.

முதலில் கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். அண்ணன் என்ற அக்கறையில் உங்கள் கைபேசி எண்ணையும் உங்கள் மின்னஞ்சலையும் கொடுத்துத் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை மாற்றிவிடுங்கள். அவருக்கென்று தனி மின்னஞ்சல், அவர் கையில் இருக்கும் எண், அவருக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஆகியவை முதல் நாளிலேயே வேண்டும். நீங்கள் படம் பிடிக்கலாம், எடிட் செய்யலாம், கமெண்ட்டுகளைக் கவனிக்கலாம், உரிமையாளர் அவர்தான். நாளைக்கு அவர் வெளியூரில் வேலை பார்க்கலாம், திருமணமாகலாம், ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யலாம். அப்போது தன் சொந்தப் பெயரில் உள்ள கணக்கைத் திறக்க இன்னொருவரிடம் ஓடிபி கேட்டு நிற்கும் நிலை எந்தக் கலைஞருக்கும் வரக் கூடாது. கணக்குக் கொஞ்சம் வளர்ந்ததும் ‘நீங்கள் காப்புரிமையை மீறிவிட்டீர்கள், 24 மணி நேரத்தில் இந்த லிங்க்கை அழுத்துங்கள்’ என்று செய்திகள் வரத் தொடங்கும். அது கடவுச்சொல்லைத் திருடும் வழி. இன்ஸ்டாகிராம் அப்படித் தனிச் செய்தியில் வந்து லிங்க் கொடுத்து மிரட்டாது.

அடுத்தது பெயர். இதில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கதிர் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் Kathir என்று எழுதுவார், ஒருவர் Kadhir என்பார், இன்னொருவர் Kadir என்று போடுவார். தேடுபவர் எந்த எழுத்தில் தேடுவார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து இன்ஸ்டாகிராம், யூடியூப், ஸ்பாட்டிஃபை, ஃபேஸ்புக் எல்லாவற்றிலும் மாற்றமில்லாமல் அதையே வையுங்கள். பயோவில் தமிழ் எழுத்திலும் பெயர் இருக்கட்டும், இரண்டு வழியிலும் தேடினால் கிடைப்பார். முடிவு செய்வதற்கு முன் அதே பெயரில் வேறு பாடகர் இருக்கிறாரா என்று ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் தேடுங்கள். இருந்தால் உங்கள் தங்கையின் பாடல் அவருடைய பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பிரித்தெடுக்க வாரக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கும். ஊர்ப் பெயரையோ தந்தை பெயரின் முதலெழுத்தையோ சேர்ப்பது நம் மரபுதானே. ‘சங்கரன்கோவில்’ என்று ஊரை முன்னால் போட்டுக்கொள்வதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சியும் உண்டு. நாகஸ்வரக் கலைஞர்கள் ஊர்ப் பெயரோடுதான் உலகம் முழுவதும் அறியப்பட்டார்கள்.

பாடல்களை ஸ்பாட்டிஃபையிலும் ஜியோசாவனிலும் நேரடியாக ஏற்ற முடியாது, ஒரு விநியோக நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். சில நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணம் வாங்கும், சில வருமானத்தில் பங்கு எடுக்கும். கட்டணம் கட்டுவதை நிறுத்தினால் பாடல் இறக்கப்படுமா என்ற ஒரு கேள்வியை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், சிலவற்றில் இறக்கிவிடுவார்கள். விண்ணப்பத்தில் இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர் கேட்கும் கட்டங்களை அவசரத்தில் ஏனோதானோ என்று நிரப்பாதீர்கள். அங்கே அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயர் வர வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாள எண் கிடைக்கும், அதைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள். பின்னாளில் விநியோக நிறுவனத்தை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும்.

வெளியிடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய இன்னொரு வேலை, கூட உழைத்தவர்களோடு ஒரு பக்க ஒப்பந்தம். மெட்டு தங்கையுடையது, வரிகள் தோழியுடையவை, கீபோர்டு புரோகிராமிங் ஒரு தம்பி செய்தது என்றால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடாதபோது யாரும் சண்டை போடுவதில்லை, ஓடிய பிறகு உட்கார்ந்து பேசுவதுதான் கடினம். புரோகிராமிங் செய்தவர் இணையத்தில் பொதுவாக விற்கும் லூப்புகளை, அதாவது ஆயத்த இசைத் துணுக்குகளை, பயன்படுத்தியிருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே லூப் இன்னும் பலருடைய பாடலில் இருக்கும். அப்படிப்பட்ட பதிவை, ஒரே ஒலி வேறு வீடியோக்களில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்க்கக் கூடாது. இந்தியச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குச் சேர வேண்டிய ராயல்டிப் பங்கைச் சட்டப்படியான வாரிசுகளுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்துவிட முடியாது. அந்தப் பங்கை வசூலித்துத் தரும் சங்கம் ஐபிஆர்எஸ். பாடல்கள் வெளியானதும் தங்கையை அதில் உறுப்பினராகச் சேரச் சொல்லுங்கள்.

இனி ரீலுக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் வழி தவறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மூன்று பாடல்களையும் தங்கை காதில் இயர்போன் வைத்துக் கேட்கட்டும். அவர் கேட்கும்போது நீங்கள் ஒரு தாளில் நொடிகளைக் குறியுங்கள். எந்த இடத்தில் அவர் தானாகத் தலையசைக்கிறார், எந்த வரியில் உதடு அசைகிறது? அதே வேலையைப் பாட்டை முதல் முறை கேட்கும் இரண்டு மூன்று நண்பர்களிடமும் செய்யுங்கள். ஒவ்வொரு பாடலிலும் இப்படிப் பதினைந்து முதல் இருபது நொடிப் பகுதி ஒன்று அகப்படும். அநேகமாகப் பல்லவியின் இரண்டாவது சுற்றில், தாளம் சேரும் இடத்தில் அது இருக்கும். சில நேரம் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் அந்த எடுப்பில் இருக்கும். முன்னிசையில் இருப்பது அரிது. அந்தப் பகுதிதான் ரீல். சில விநியோக நிறுவனங்கள், இன்ஸ்டாகிராமின் பாடல் பட்டியலில் உங்கள் பாட்டு எந்த நொடியிலிருந்து ஒலிக்க வேண்டும் என்று கேட்கும். அங்கேயும் இதே நொடியைக் கொடுங்கள். மற்றவர்கள் உங்கள் பாட்டை வைத்து ரீல் செய்யும்போது இந்த இடமே முதலில் விழும்.

படம் பிடிக்கும்போது ‘வணக்கம் நண்பர்களே, இன்றைக்கு நான்’ என்று தொடங்கினால் அந்த மூன்று நொடியிலேயே ஆட்கள் போய்விடுவார்கள். முதல் நொடியிலேயே குரல் வர வேண்டும், முகம் தெரிய வேண்டும். ரீலின் புள்ளிவிவரத்தைத் திறந்தால், எத்தனையாவது நொடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்று ஒரு கோடு இறங்கிக்கொண்டே போகும். மூன்றாவது நொடிக்குள் அந்தக் கோடு செங்குத்தாக விழுந்தால் தொடக்கம் சரியில்லை என்று பொருள். அதே பாட்டை, அதே உடையில், வேறு வரியிலிருந்து தொடங்கிப் போட்டுப் பாருங்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம், முதல் ரீலைப் பார்த்தவர்களில் மிகச் சிலரே இரண்டாவதையும் பார்ப்பார்கள்.

ஒலிக்குச் செலவு செய்யுங்கள், வெளிச்சத்துக்குச் செலவு வேண்டாம். காலை எட்டு மணிக்கு முன் கிழக்குப் பார்த்த ஜன்னல் அருகே, வெயில் நேராக விழாத இடத்தில் உட்கார்ந்தால் வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இருக்காது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் நம் காதுக்குப் பழகிப்போயிருக்கும், மைக்குக்குப் பழகியிருக்காது. பாடும் அறையில் மெத்தை, திரைச்சீலை, துணி அடுக்கிய அலமாரி இருந்தால் எதிரொலி அடங்கும். குரலைத் தனி மைக்கில் பதிந்து, காட்சியைக் கைபேசியில் பிடித்து, தொடக்கத்தில் ஒரு கைதட்டு தட்டிவிட்டால் எடிட் செய்யும்போது இரண்டையும் பொருத்துவது எளிது. ஸ்டூடியோப் பதிவுக்கு உதடசைக்கும் ரீல் ஒன்றிரண்டு போதும். தம்புரா சுருதி மட்டும் வைத்து நேராகப் பாடும் ரீல்தான் புதிதாகக் கேட்பவரை நிறுத்தும். திருத்தம் செய்யாத குரலைக் கேட்டு நம்பிக்கை வந்த பிறகுதான் ஆட்கள் பெயரைத் தேடுவார்கள். வரிகளைத் தமிழ் எழுத்தில் திரையில் போடுங்கள். பஸ்ஸிலும் அலுவலகத்திலும் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. நல்ல வரி கண்ணில் பட்டால் ஒலியைத் திறப்பார்கள்.

மூன்று பாடல்களை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் எதைப் போடுவது? எல்லோரும் உடனே சினிமாப் பாட்டை ‘கவர்’ செய்யப் போகிறார்கள். அதில் கேட்பவர் நினைவில் நிற்பது அந்தப் பாட்டைப் படத்தில் பாடியவர்தான், ஒப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். உங்கள் ஊரைப் பார்க்கும்போது எனக்கு வேறொரு வழி தெரிகிறது. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் சென்னிகுளம் இருக்கிறது. கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர். 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர். இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தச் சிந்துகளின் நடையைப் பாருங்கள்: சொல் சொல்லாகத் துள்ளி, எதுகை மோனை அடுக்கி, ஒரு மூச்சில் ஓடும். இருபது நொடிக்கென்றே அளந்து எழுதியதுபோல் இருக்கும். வரிகளுக்கு இன்று யாருடைய காப்புரிமையும் இல்லை. வழிவழியாகப் பாடிவரும் மெட்டுகளுக்கும் இல்லை. கழுகுமலைக் குன்றைப் பின்னணியில் வைத்து, அந்த மண்ணில் பிறந்த பெண் அந்தச் சிந்தைப் பாடுவதற்கு ஈடாக வேறு எந்தப் பாடகியாலும் ஒரு ரீல் செய்துவிட முடியாது.

இதற்குக் காலமும் இருக்கிறது. தைப்பூசம் சனவரியிலோ பிப்ரவரியிலோ வரும், பங்குனி உத்திரம் அதற்கடுத்து வரும். தைப்பூசத்துக்கு மலேசியாவில் பத்துமலையிலும் பினாங்கிலும் காவடி எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். பூசத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்து வாரத்துக்கு ஒரு சிந்து என்று போடத் தொடங்குங்கள். கேட்பவருக்கு அந்தப் பாட்டு அப்போது தேவைப்படுகிறது. அவரே குடும்பக் குழுவில் அனுப்பிவிடுவார். பூசம் முடிந்து, புதிதாக வந்தவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கும்போதே முதல் சொந்தப் பாடலை வெளியிடுங்கள். தேவாரம், திருப்புகழ், சித்தர் பாடல்கள் என்று இந்தப் பொதுச்சொத்து நம்மிடம் குவிந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட ஒரு கருவூலத்தை வைத்துக்கொண்டு, போன வாரம் வெளியான படப் பாட்டின் பின்னால் ஓடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. வரிக்கு உரிமை இல்லை என்பதால் மெட்டுக்கும் இல்லை என்று ஆகிவிடாது. பாரதியார் பாடல்கள் நாட்டுடைமையானவை, யாரும் பாடலாம். ஆனால் ஒரு திரைப்படத்துக்காக இசையமைப்பாளர் போட்ட மெட்டில் அதைப் பாடினால், அந்த மெட்டு அவருடையதோ நிறுவனத்துடையதோதான். இந்தியாவில் இசைப் படைப்பின் காப்புரிமை, படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். யூடியூபில் அப்படிப் பாடினால் பெரும்பாலும் ‘க்ளெய்ம்’ மட்டும் வரும், அதாவது விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், வீடியோ இருக்கும். ‘ஸ்ட்ரைக்’ வேறு விஷயம், அது உரிமையாளர் புகார் கொடுத்து வீடியோவையே நீக்க வைப்பது. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் சேனலே போய்விடும். ஆகவே பாரதியைப் பாடுங்கள், தங்கையே மெட்டமைத்துப் பாடட்டும்.

இன்ஸ்டாகிராம் அறிமுகம் செய்து வைக்கும். தமிழ் வீடுகளில் பாட்டு நிலைத்து வாழும் இடம் யூடியூப். தொலைக்காட்சியிலும் அதைத்தான் போடுகிறார்கள். பாடலை விநியோக நிறுவனம் அனுப்பியதும் யூடியூபே தங்கை பெயரில் ‘டாபிக்’ என்று முடியும் ஒரு சேனலைத் தானாக உருவாக்கும். நீங்கள் திறந்த சேனல் ஒன்று தனியாக இருக்கும். இரண்டாகக் கிடந்தால் சந்தாதாரர்களும் சிதறிப்போவார்கள். விநியோக நிறுவனத்திடம் ‘அஃபீஷியல் ஆர்ட்டிஸ்ட் சேனல்’ கேட்டால் இரண்டையும் ஒன்றாக்கித் தருவார்கள். பெயருக்குப் பக்கத்தில் இசைக் குறியீடு வரும். உங்கள் சொந்தப் பாட்டுக்கே உங்கள் சேனலில் க்ளெய்ம் வந்தால் பதற வேண்டாம், விநியோக நிறுவனத்திடம் உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் போதும். வருமானம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாட்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் பதிவுக்கான ராயல்டிக் கணக்கிலேயே வரும். முதல் ஆண்டில் இவற்றிலிருந்து பணம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

வெளியீட்டு நாளை முடிவு செய்யும்போது, பாடல் கோப்பை விநியோக நிறுவனத்திடம் குறைந்தது நான்கு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் கலைஞர்களுக்கென்று உள்ள தளத்தில், வெளிவராத பாடலை, அங்கே பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்கு விண்ணப்பமாக அனுப்பலாம். ஒரு நேரத்தில் ஒரு பாடல்தான் அனுப்ப முடியும். ஏழு நாள் முன்னதாக அனுப்பிவிட்டால், ஆசிரியர் தேர்ந்தெடுக்காவிட்டாலும் பின்தொடர்பவர்களுக்குப் புதுப் பாடல்களைக் காட்டும் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் பாட்டுச் சேரும். விண்ணப்பத்தில் ‘அருமையான மெலடி’ என்று எழுதுவதில் பயனில்லை. எந்த ஊர்ப் பெண், எந்த ராகத்தின் சாயல், என்ன வாத்தியங்கள், வரிகள் எதைப் பற்றி, எந்த நாளை ஒட்டி வெளிவருகிறது என்று எழுதுங்கள். மூன்று பாடல்களையும் ஒரே நாளில் வெளியிட வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒன்று என்று விட்டால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம் பேச விஷயம் இருக்கும். பாட்டு வெளியான மறுநாள் வேலை முடிந்தது என்று நினைத்து ஓய்வெடுப்பவர்களே அதிகம். வெளியான பிறகு வரும் மூன்று வாரங்கள்தான் உழைக்க வேண்டிய காலம், ஏனென்றால் ரீல் பார்த்தவர் உடனே போய்க் கேட்க அப்போதுதான் முழுப் பாட்டு இருக்கிறது.

நேரத்தையும் யோசித்துப் போடுங்கள். நமக்கு இரவு எட்டு மணி என்றால் கோலாலம்பூரில் பத்தரை. அங்கே பலர் படுக்கப் போயிருப்பார்கள். மாலை ஆறுக்குப் போட்டால் அவர்களுக்கு எட்டரை, நமக்கும் வேலை முடியும் நேரம். மலேசியாவின் மின்னல், ராகா, சிங்கப்பூரின் ஒலி 96.8, இலங்கையின் சூரியன், சக்தி ஆகிய தமிழ் வானொலிகளுக்குப் பாட்டையும் நான்கு வரி அறிமுகத்தையும் அனுப்புங்கள். பதில் வராமல் போகலாம். வந்துவிட்டால், அந்த ஒலிபரப்பின் துணுக்கு நல்ல பதிவாகும். திருநெல்வேலி வானொலி நிலையத்தையும் விட்டுவிடாதீர்கள். ரீல்ஸ் காலத்தில் அகில இந்திய வானொலியா என்று தோன்றலாம். குரல்தேர்வில் தேறுவது ஒரு பாடகிக்கு இன்னும் மதிப்புத்தான்.

எந்த எண்ணைப் பார்ப்பது? லைக் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள், பயோவில் உள்ள லிங்க்கை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற மூன்றை வாரத்துக்கு ஒருமுறை ஒரு நோட்டில் எழுதுங்கள். தினமும் பார்க்க வேண்டாம், முக்கியமாகத் தங்கை பார்க்க வேண்டாம். காலையில் சாதகம் செய்ய உட்கார வேண்டியவர் நேற்றைய ரீலின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் குரல்தான் கெடும். இதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

2020 சூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்த கலைஞர்கள் அன்றிரவே எல்லோரையும் இழந்தார்கள். பாட்டுக் கேட்கும் செயலியான விங்க் மியூசிக்கும் 2024இல் மூடப்பட்டது. எந்தத் தளமும் நிரந்தரமில்லை என்பதால், கேட்பவரோடு நேரடியாகப் பேச ஒரு வழி வேண்டும். நம் ஊரில் அது வாட்ஸாப். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேரலாம். தங்கையின் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தியும் போகும். ஒரு பெண்ணின் எண்ணை அத்தனை பேரிடம் கொடுப்பது தேவையில்லாத தொல்லை. வாட்ஸாப் சேனல் தொடங்குங்கள். அதில் எண் வெளியே தெரியாது, எண்ணிக்கைக்கும் அந்த வரம்பு இல்லை. அதுவும் ஒரு நிறுவனத்தின் தளம்தான் என்பதால், கச்சேரிக்கு வருபவர்களின் பெயரையும் ஊரையும் மின்னஞ்சலையும், அவர்கள் சம்மதித்தால், ஒரு நோட்டில் வாங்கி வையுங்கள்.

கச்சேரி என்றதும் பெரிய மேடை வேண்டியதில்லை. கோவில் விழா, பள்ளி ஆண்டுவிழா, நூலகத்தில் ஒரு மாலை, திருமண வரவேற்பில் அரை மணி நேரம், எதுவானாலும் சரி. நாற்பது பேர் முன்னால் சொந்தப் பாட்டைப் பாடி, யாராவது ஒருவர் பல்லவியைக் கூடவே முணுமுணுக்கும் காட்சியைப் பிடித்துப் போட்டால், வீட்டில் உட்கார்ந்து எடுத்த பத்து ரீல்களைவிட அது பேசும். நிகழ்ச்சி முடிவில் ‘என் பக்கத்தைப் பின்தொடருங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், கியூஆர் குறியீடு அச்சிட்ட ஓர் அட்டையை மேடையருகே வைத்து, இப்போதே திறக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனபின் தேடிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர் தேட மாட்டார்.

கமெண்ட்டுகளைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும், ஏனென்றால் பெண் பாடினால் பாட்டைவிட முகத்தையும் உடையையும் பற்றி எழுதும் ஆட்கள் வருவார்கள். இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் குறிப்பிட்ட சொற்கள் உள்ள கமெண்ட்டுகளைத் தானாக மறைக்கும் வசதி இருக்கிறது. அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் உள்ள எல்லாக் கூட்டல்களிலும் நீங்கள் உட்கார்ந்து நிரப்புங்கள், தங்கையிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வீட்டு வாசல், தெருப் பெயர்ப் பலகை, வண்டி எண், படிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தின் அடையாளம் எதுவும் படத்தில் வர வேண்டாம். வெளியூர் நிகழ்ச்சிப் படங்களை ஊர் திரும்பிய பிறகு போடுங்கள். யாராவது எல்லை மீறினால் பதில் எழுதாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு முடக்குங்கள். மிரட்டல் என்றால் cybercrime.gov.in என்ற இணையக் குற்றப் புகார் தளமும் காவல்துறையும் இருக்கின்றன. நல்ல கமெண்ட்டுகளுக்கு அவரே பதில் எழுதட்டும். ‘நன்றி’ என்று மட்டும் போடாமல், ‘எந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள்’ என்று கேட்டால் அடுத்த கச்சேரியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரிந்துவிடும்.

பணத்துக்கு வருவோம். 15,000இல் ஐயாயிரத்துக்குள் ஒரு நல்ல யுஎஸ்பி மைக்கும் ஸ்டாண்டும் வாங்கிவிடலாம். விநியோகக் கட்டணம், அட்டைப்படம் வரைபவருக்குக் கூலி, கியூஆர் அட்டை அச்சு எல்லாம் சேர்த்து இன்னொரு நான்காயிரம். அட்டைப்படத்துக்கு உங்கள் ஊரிலேயே ஓவியம் படிக்கும் மாணவர் யாராவது இருப்பார், அவருக்குக் காசு கொடுத்து, பெயரும் போடுங்கள். மூவாயிரத்தை விளம்பரத்துக்கு வையுங்கள், ஆனால் முதல் மாதம் தொடாதீர்கள். காசில்லாமலே நன்றாக ஓடிய ரீல் எது என்று தெரிந்த பிறகு, அதை மட்டும் நாளுக்கு இருநூறு ரூபாய் என்று இரண்டு வாரம், தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் காட்டுங்கள். ஓடாத ரீலைக் காசு கொடுத்து ஓட்ட முடியாது. மீதி மூவாயிரம் இரண்டாவது பாடலுக்கு.

அந்த நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தயங்க வேண்டாம். வேண்டாம் என்ற ஒரு வரி போதும். அவர்கள் ஏற்கெனவே கடவுச்சொல்லை வாங்கியிருந்தால் மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள், அமைப்புகளில் எந்தெந்தச் சாதனங்களில் கணக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்து, தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். பிறகு தங்கையை உட்கார வைத்து அந்த மூன்று பாடல்களையும் இயர்போனில் கேட்கச் சொல்லுங்கள். இருபது நொடிகளைக் குறித்து அனுப்பினால், எந்தப் பாட்டை முதலில் விடலாம் என்று நானும் கேட்டுச் சொல்கிறேன்.